கோடக்ரோம் வரட்டும்

சென்னை
9-6-1986

அன்புத் தங்கை ஞானமேரிக்கு,

மாதாவின் தயவில் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா என்று எழுது.

சவுரியப்பன் மாமாவிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே என் பழைய செனித் கேமராவும் நாலு பிலிம் ரோலும் இருக்கின்றன. மாமா பையைத் திறந்து பார்க்காமல் கொண்டுவந்திருந்தால் அதிசயம்தான்.

விஷயம் இதுதான். எங்கள் சுகாதாரப் படப் பிரிவில் இப்போது தொழுநோயைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் ஸ்லைடுகள் தயாரிக்கிறோம். கிராமங்களுக்குப் போகிற ஊழியர்களுக்கு அவற்றைச் சுவரில் பெரிதாகக் காட்டிப் பழக்க வேண்டும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்த நோய் ஒரு வெளிறிய திட்டாகத்தான் ஆரம்பிக்கும். அரிக்காது, வலிக்காது. கண்ணை மூடிக்கொண்டு இறகால் வருடினால் அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. காலத்தோடு பார்த்துவிட்டால் மாத்திரையிலேயே போய்விடும். அசட்டையாக விட்டால் நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடும். அதனால் அந்த வெளிறலை உள்ளது உள்ளபடி காட்டுகிற பிலிம் எங்களுக்கு வேண்டும்.

எந்த பிலிம் என்பதில்தான் ஆபீசில் சண்டை. ஒருவர் ஆர்வோக்ரோம் என்கிறார், ஒருவர் எக்டாக்ரோம், இன்னொருவர் பியூஜிக்ரோம். எனக்குக் கோடக்ரோம். நாலும் ஒரே ஆளை நாலு விதமாகப் பார்க்கும். முதலில் நோயில்லாத தோல், நம் பக்கத்து வெயிலில், எந்த பிலிமில் சரியாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். உன்னை விட்டால் இதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? கோயிலின் பின்பக்க வெள்ளைச் சுவரில் ஐந்து பேரை ஒவ்வொருவராக நிறுத்தி, முகமும் கையும் தெரிய, நாலு ரோலிலும் அதே ஆட்களை எடு. உடனிருக்கும் சாம்பல்நிற அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடு. எல்லாப் படத்திலும் மாறாத ஒரு பொருள் இருந்தால்தான் நிறத்தை ஒப்பிட முடியும். மீதிப் படங்களில் மரம், மாம்பழம், எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்.

ஆண்டவர் உங்கள் இருவர் பக்கத்திலும் இருக்கட்டும்.

உன் அண்ணன்
கஸ்பார்


கம்பைநல்லூர்
29-6-1986

அன்புள்ள அண்ணனுக்கு ஞானமேரி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டி மழை வந்தால் வலிக்கிறது. வெயில் அடித்தால் அடுத்த மழையை நினைத்து வலிக்கிறது. உங்கள் இருமல் நின்றதா?

மாமா பையைத் திறந்துதான் பார்த்திருக்கிறார். பிலிம் டப்பா ஒன்று சுண்ணாம்புக்குக் கிடைக்குமா என்று கேட்டார். காலியானதும் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடுத்தேன். உங்கள் சாம்பல் அட்டை போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அதை ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாகப் போட்டுவிட்டார். "ஏதோ சும்மா வந்த அட்டைன்னு நெனச்சேன்டி, அதுல என்ன எழுதியா இருந்துது?" என்கிறார். எண்ணெய்க் கறை படிந்த அட்டையை உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு வெள்ளைத் தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி, ஒவ்வொருவரையும் ஏந்தச் சொன்னேன். ஒரே மூட்டைக் கேழ்வரகு, ஒரே அரைப்பு. நிறம் மாறாது.

அம்மா நின்றார். பக்கத்து வீட்டு ராமக்காள், மாமா, எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் கோவிந்தம்மாள் ஆகியோரும் நின்றார்கள். ராமக்காள் மூன்றாவது ரோலுக்கு வரும்போது, "என்ன கண்ணு, இத்தன தடவ எடுக்கற, மூஞ்சி தேஞ்சிடப் போவுது" என்றாள். ஐந்தாவதாக எதிர்வீட்டுக் குள்ளம்மாள் வருவதாக இருந்தது. அவள் இல்லாததால் நானே நின்றேன். ராமக்காள் பொத்தானை அழுத்தினாள். தட்டை இடது கையில் ஏந்தி, ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு, வெயில் பக்கம் திரும்பி நின்றேன். கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா?

பார்சலில் அனுப்பும் ரோல்களைக் கழுவியதும் என் படத்தைக் கவனமாகப் பாருங்கள். உடனே எழுதுங்கள்.

உங்களுக்காக வேண்டிக்கொள்ளும் தங்கை
ஞானமேரி


சென்னை
24-7-1986

அன்பு ஞானத்துக்கு,

இருமல் போய்விட்டது. அம்மாவுக்குத் தைலம் அனுப்புகிறேன், ஊறுகாயில் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்.

கேழ்வரகு மாவு வைத்தாயே, உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடலாம் போலிருக்கிறது. சாம்பல் அட்டையை விட அதுதான் நம் தோலுக்குப் பக்கத்து நிறம். எங்கள் டைரக்டரே எழுந்து வந்து சுவரருகே நின்று பார்த்தார்.

ஆர்வோவை எங்கள் இருட்டறையிலேயே நான் கழுவினேன். எக்டா லேபிலிருந்து வந்துவிட்டது. ஆர்வோவில் நம் ஊர் எப்போதும் சாயங்கால வெயிலில் கிடக்கிறது. மாமாவின் வேட்டிகூடத் தேநீரில் நனைத்த மாதிரி. எக்டாவில் வெள்ளைச் சுவர் முழுக்க லேசாக நீலம். வானம் கொஞ்சம் இறங்கி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. ப்ரொஜெக்டரைப் போட்டதும் அம்மா இருட்டில் கூரை உயரத்துக்கு நின்றார். நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் ஏன் என்று கேட்டார். எங்கம்மாங்க என்றேன்.

ஒரே ஒரு குறை. ஆர்வோவில் உன் இடது முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய திட்டு. கழுவும்போது நான் தண்ணீர்ச் சொட்டைத் துடைக்காமல் விட்டிருப்பேன். எக்டாவிலும் அதே இடத்தில் லேசாக இருக்கிறது. அது சுவரிலிருந்து வெளிச்சம் தெறித்ததாக இருக்கும். பிலிம் என்றால் இப்படி ஆயிரம் கோளாறு உண்டு. நீ இதை நினைத்துக் குழம்பாதே.

பியூஜியும் கோடக்ரோமும் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு என் முத்தம்.

கஸ்பார்


கம்பைநல்லூர்
6-8-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. தைலத்தை அம்மா தேய்த்துக்கொள்கிறார். வீடே உங்கள் வாசனை அடிப்பதாகச் சொல்கிறார். நீங்கள் என்றைக்குத் தைலம் பூசினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்த இரவிலிருந்து எனக்கு விசித்திரமான கனவுகள். ஒரு கனவில் ஆர்வோ என்று ஒரு ஊர். அங்கே பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் பொழுது சாய மாட்டேன் என்கிறது. தெருவெல்லாம் வெல்லப்பாகு நிறம். இன்னொரு நாள் எக்டா. அந்த ஊரில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், சுவர்களைத் தொட்டால் குளிர்கிறது. கோவிந்தம்மாள் நீல நிறச் சோற்றைக் கரண்டியில் அள்ளி நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன், ருசியில் வித்தியாசமில்லை. இரண்டு ஊரிலும் என் கையில் அந்தத் திட்டு இருந்தது அண்ணா. கனவில் நான் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன்.

நேற்று மத்தியானம் ராமக்காளும் நானும் விளையாட்டுக்கு ஒன்று செய்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கோழி இறகால் என் கையில் கோடு போட்டாள். வலது கையில் கூச்சம் தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். "இந்தக் கைல?" என்று கேட்டாள். அவள் போடுகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஸ்லைடுகளை எனக்கு அனுப்ப முடியுமா? பார்க்க ஆசையாக இருக்கிறது. உங்கள் வேலையில் இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஞானமேரி


சென்னை
2-9-1986

அன்பு ஞானத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பியூஜி வந்துவிட்டது. அடடா, என்ன பச்சை! நீ எடுத்த புளியமரத்தில் ஒவ்வொரு இலையும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கிறது. மாங்காய்க் கூடையைப் பார்த்தால் பல் கூசுகிறது. ஆபீசில் எல்லோரும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டோம். நம் ஊர் இவ்வளவு ஈரமான ஊரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முக்கியமான விஷயம். பியூஜியில் உன் கை சுத்தமாக இருக்கிறது. ஒரு திட்டும் இல்லை. நான் சொன்னேன் அல்லவா? ஆக, முந்தைய இரண்டிலும் தெரிந்தது வெறும் கோளாறுதான். ஆனாலும் கடைசித் தீர்ப்பு கோடக்ரோமுக்குத்தான். அதைக் கழுவ இங்கே வசதியில்லை, வெகுதூரத்து லேபுக்குப் போயிருக்கிறது. வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். தோலை அதைப்போலக் காட்ட வேறு பிலிம் கிடையாது. கோடக்ரோம் வரட்டும். அதுவரை மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஸ்லைடுகள் ஆபீஸ் சொத்து, வெளியே அனுப்ப விடமாட்டார்கள். இன்னொரு ரோல் எடுக்க நேர்ந்தால் நீ நிற்காதே, குள்ளம்மாளை நிறுத்து. இறகு விளையாட்டெல்லாம் எதற்கு? சின்னப் பிள்ளையா நீ?

தூக்கம் வராவிட்டால் ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுப் படு. நானும் அதைத்தான் செய்கிறேன்.

கஸ்பார்


கம்பைநல்லூர்
20-9-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று எழுதவில்லையே?

பியூஜி ஊருக்கு நான் தினமும் போய்வருகிறேன். கண்ணை மூடினால் போதும். இலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே என் கை முழுசாக இருக்கிறது. அந்த ஊரிலேயே வீடு பிடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மாவையும் ராமக்காளையும் கூட்டிப்போகலாம். உங்களுக்கு வேலை மாற்றல் கிடைக்குமா?

போன வாரம் பள்ளி டீச்சர்கள் எல்லாம் வத்தல்மலைக்கு நடந்து ஏறினோம். பாதி வழியில் மேகம் எங்கள் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. நான் பின்தங்கி நின்று, கையை நீட்டிப் பார்த்தேன். மேகத்துக்குள் என் கை முழுதுமே வெளிறித்தான் இருந்தது, எது திட்டு, எது தோல் என்று பிரிக்க முடியவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரும்பி வந்தார்கள். "என்னங்க டீச்சர், அங்கியே குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள்.

வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. பென்னாகரத்து மதலைமுத்து என்பவர், மின்வாரியத்தில் வேலை. கோயில் திருவிழாவில் என்னைப் பார்த்தாராம். நானும் பார்த்தேன். நன்றாகச் சிரிக்கிறார். அவர் அம்மாவுக்குக் காட்டக் கலர் போட்டோ ஒன்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை சோறு வடிக்கும்போது இடது கையில் கஞ்சி பட்டுவிட்டது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் பட்டதே தெரிந்தது. சுண்டுவிரலில் சில நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. பள்ளியில் ஸ்லேட்டைப் பிடித்தால் நழுவுகிறது. எல்லாம் வேலை அலுப்பாக இருக்கும் என்கிறார் அம்மா. அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை.

கோடக்ரோம் எப்போது வரும் அண்ணா?

ஞானமேரி


சென்னை
10-11-1986

அன்பு ஞானத்துக்கு,

நீ இரண்டு கார்டு போட்டும் நான் பதில் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நியாயம்தான். சென்னையில் ஓயாத மழை. ஆபீசில் ஸ்லைடுகளில் பூஞ்சை வராமல் இருக்கப் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை விஷயம் கேட்டு மிகுந்த சந்தோஷம். பியூஜி ஸ்லைடிலிருந்து உன் படத்தைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி வெட்டியிருக்கிறேன், கல்யாணத்துக்கு அதுதான் வழக்கம். லட்சணமாக இருக்கிறாய். அதைப் பென்னாகரத்துக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கொடு.

கோடக்ரோம் வந்துவிட்டது. ராமக்காளின் சிவப்புச் சேலை சுவரில் அப்படியே நின்று எரிகிறது. செம்மண்ணில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. அம்மாவின் கன்னத்துச் சுருக்கத்தைத் தொட்டுவிடலாம். இதைத்தான் ஆபீசில் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உன் படம் மட்டும் அந்த ரோலில் சரியாக விழவில்லை.

கொப்புளத்துக்கு மருந்து போட்டாயா? அடுப்புப் பக்கம் போகாதே. சூடானதைத் தொடாதே. ராத்திரி ஒருமுறை கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் பூசு. சும்மா சொல்கிறேன்.

கஸ்பார்


கம்பைநல்லூர்
19-11-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

பிரிண்ட் கிடைத்தது. அதை நான் அம்மாவிடம் கொடுக்கவில்லை.

கோடக்ரோம் ரோலில் முதலில் அம்மா, நாலாவதாகக் கோவிந்தம்மாள், அவளுக்குப் பிறகு நான். அதே சுவர், அதே வெயில். அம்மாவின் சுருக்கம் தெரிகிற பிலிமில் நான் மட்டும் எப்படி விழாமல் போவேன்? இன்னொன்றும் கேட்கிறேன். தட்டிலிருந்த மாவில் எங்காவது வெளிறியிருந்ததா? தண்ணீர்ச் சொட்டும் சுவர் வெளிச்சமும் மாவின் மேல் விழாமல் என் கையை மட்டும் தேடிவந்து விழுந்தனவா?

ஸ்லைடுகளை அனுப்புங்கள். என்னுடைய நாலையும். ஆபீஸ் சொத்து என்று திரும்ப எழுதாதீர்கள்.

ஞானமேரி


சென்னை
3-12-1986

ஞானம்,

நாலு ஸ்லைடுகளையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பகல் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்.

அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்காதே. இல்லை, இருக்கும்போதே பார். எனக்குத் தெரியவில்லை.

எத்தனையோ பேருடைய கையையும் காதையும் முதுகையும் படம் எடுத்திருக்கிறேன். ஒரு நாளும் கண்ணை எடுத்ததில்லை.  நீ நன்றாக இருக்க வேண்டும்.

கஸ்பார்


கம்பைநல்லூர்
11-1-1987

அன்புள்ள அண்ணனுக்கு ஞானமேரி எழுதுவது.

புது வருஷ வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வராதது அம்மாவுக்கு வருத்தம். உங்கள் பங்குப் பலகாரத்தை மாமா சாப்பிட்டார். அம்மாவின் முட்டி பரவாயில்லை. என்னைப் பற்றி இனிமேல் விவரமாகவே எழுதுகிறேன்.

ஸ்லைடுகள் வந்த அன்று பள்ளி முடிந்து வகுப்பறை ஜன்னலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நான் கனவில் போய்வந்த ஊர்கள் எல்லாம் விரல் நகத்தளவு இருந்தன. ஆர்வோவின் சாயங்காலம், எக்டாவின் நீலம், எல்லாம் நீங்கள் எழுதியபடியே. பிறகு பியூஜியை எடுத்தேன். அந்தப் பச்சைக்குள் நான் தட்டை ஏந்தி நிற்கிறேன். முழங்கைக்கு மேலே அந்தத் திட்டும் இருக்கிறது. கோடக்ரோமில் அதன் ஓரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. நாலு பிலிமிலும் இருக்கிறது அண்ணா.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நோய்க்காக அழவில்லை, அது எனக்கு ஜூனிலேயே தெரியும். உங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே ஜாக்கெட் கையைச் சுருட்டிப் பார்த்தேன். இங்கே யாரிடம் காட்டுவது? நோய் பார்க்க வரும் ஊழியரின் சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், அந்த வீட்டுத் தண்ணீரை ஊரில் யாரும் குடிக்க மாட்டார்கள். உங்களுக்கு எழுதவும் கை வரவில்லை. குள்ளம்மாள் அன்றைக்கு வந்தாள். நான்தான் திருப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நின்றேன். எழுத முடியாததைப் படமாக அனுப்பினேன். இதைப் பார்ப்பதுதானே உங்கள் வேலை? நீங்கள் பார்த்துவிட்டு, "ஞானம், உடனே தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போ" என்று ஒரு வரி எழுதுவீர்கள் என்று ஒவ்வொரு தபாலுக்கும் காத்திருந்தேன். நீங்கள் பச்சையைப் பற்றி எழுதினீர்கள். என் அண்ணனுக்கே என் கை கண்ணில் படவில்லையா என்று எத்தனை நாள் நொந்திருக்கிறேன்! பியூஜியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நீங்கள் முதல் படத்திலேயே பார்த்துவிட்டீர்கள். பார்த்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள். அதுதான் எனக்கு இன்னும் அழுகையாக வந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, ராமக்காளைக் கூட்டிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளிடம் வழியில் பஸ்ஸில் சொன்னேன்.  அவள் என் இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு எறகப் போட்ட அன்னிக்கே தெரியும் கண்ணு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாள். நாம் மூன்று பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டாக்டரம்மா சின்ன வயது. முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார், உயிர் போய் வந்தது. "எப்பம்மா கவனிச்சீங்க?" என்று கேட்டார். ஜூன் என்றேன். "டீச்சரா இருந்துட்டு இத்தன மாசம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார். எங்க அண்ணன் பிலிம் பார்த்துக்கிட்டு இருந்தாருங்க என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

நோய் போய்விடும் என்கிறார். ஆறு மாத மாத்திரை. மாதம் ஒரு நாள் அவர்கள் முன்னாலேயே சிவப்பு மாத்திரை ஒன்றை விழுங்க வேண்டும். அன்று கண்ணீர்கூடச் சிவந்து வரலாமாம். வீட்டுக்கு வந்து அழுது பார்த்தேன், வெறும் கண்ணீராகத்தான் வந்தது. உங்கள் பிலிம் எதிலாவது சிவப்பாகத் தெரிந்திருக்குமோ என்னவோ. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கிவிட்டது. அதற்கும் மாத்திரை தந்து, பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்றார். இதை உங்களிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். இனி நமக்குள் எதையும் மறைக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையில் என் தட்டிலேயே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பென்னாகரத்துக்கு நானே உள்ளதை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். அவர் சிரித்தது நினைவுக்கு வரும்போது மனசு வலிக்கிறது. இப்போது அந்தப் பியூஜி ஊருக்கு நான் போவதில்லை. கண்ணை மூடினால் நம் வீட்டுக் கூரைதான் தெரிகிறது.

உங்கள் ஸ்லைடு வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் என் கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்குச் சுவர் உயரத்துக்குக் காட்டுங்கள். முகம் தெரிந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இன்னொரு ஞானமேரி எங்காவது ஜாக்கெட் கையை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திட்டு மங்குவதற்குள் எடுக்க வேண்டும். கோடக்ரோமிலேயே எடுங்கள். ஆனால் இந்த முறை ராமக்காள் பொத்தானை அழுத்த மாட்டாள். நீங்களே வந்து எடுக்க வேண்டும்.

உங்கள் தங்கை
ஞானமேரி


சென்னை
15-1-1987

ஞானம்,

உன் சுகத்தை நீ எழுதிவிட்டாய். என் சுகத்தை நேரில் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை கேமரா கொண்டுவரவில்லை. உன் கையை நான் இன்னும் பார்க்கவில்லையம்மா.

கஸ்பார்